ஸ்கேனில் ஒளிரும் புரதம் சும்மா இருக்கிறதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். நீண்ட நாளாகச் சர்க்கரை உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோதே எலும்பில் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி, தினமும் அபிராடெரோன் மாத்திரை. நோயைக் கண்காணிக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவு 0.4 வரை இறங்கியது, இப்போது 18. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் அடிமட்டத்திலேயே இருக்கிறது. பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் நகலை இணைத்திருக்கிறேன். எலும்பைத் தவிர உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் பரவிவிட்டதா? ஹார்மோனே இல்லாதபோது கட்டி எதைக் கொண்டு வளர்கிறது? பயோடெக் படிக்கும் என் அண்ணன் மகன், "அந்தப் பி.எஸ்.எம்.ஏ. புரதமே புற்றுநோயை வளர்க்கிறதாம், ஃபோலிக் ஆசிட்டை வெட்டித்தான் வேலை செய்கிறதாம்" என்கிறான். அதைக் கேட்டதிலிருந்து அம்மா வீட்டில் கீரையே சமைப்பதில்லை. அந்தப் புரதத்தை அடைக்க மருந்து கிடையாதா? அடுத்த வாரம் லுட்டீசியம் சிகிச்சை பற்றிப் பேச டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய நகலில் உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் ஆகியவை வரும் அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். வரியின் தொடக்கத்திலேயே 'ஃபிசியாலஜிக்கல் அப்டேக்' என்று இருக்கிறது. உடம்பின் இயல்பான ஏற்பு என்று பொருள். நோய் அங்கே பரவவில்லை. இந்த ஸ்கேனை எந்த ஆணுக்கு எடுத்தாலும் கண்ணீர்ச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடலின் மேல்பகுதி, கல்லீரல், மண்ணீரல் எல்லாம் தெரியத்தான் செய்யும். இந்த ஸ்கேன் தேடுவது பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தை; சிறுநீரகக் குழாய்களிலும் குடலின் உட்சுவரிலும் அதே புரதம் இயற்கையாகவே இருக்கிறது. அப்பாவின் நோய் இருக்கும் இடங்கள் அதற்கு அடுத்த பத்தியில் உள்ளவை: நடுமுதுகிலுள்ள டி8 முள்ளெலும்பு, இடுப்பெலும்பில் மூன்று இடம், ஒரு விலா எலும்பு. அவ்வளவுதான்.

சரி, இனி அந்தப் புரதத்துக்கு வருவோம். உங்கள் அண்ணன் மகன் சொன்னது கட்டுக்கதை அல்ல, உண்மையான ஆராய்ச்சிதான். ஆனால் அதிலிருந்து வீட்டில் எடுத்த முடிவு சரியில்லை.

1970களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவில் பரவியிருந்த புரோஸ்டேட் புற்றுநோயிலிருந்து செல்களை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். எல்என்கேப் என்று பெயர். இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிற செல்கள் அவை. கையாண்டவர்களுக்குத் தெரியும், அவை தட்டில் சரியாக ஒட்டாது. திரவத்தை மாற்றும்போது கொஞ்சம் வேகமாக ஊற்றினாலே கொத்தாகப் பெயர்ந்து மிதக்கும். இரட்டிப்பாக இரண்டரை நாள் பிடிக்கும். இந்தச் செல்களின் சவ்வைக் கொண்டு உருவாக்கிய ஆன்டிபாடியின் மூலம்தான் 1987இல் பி.எஸ்.எம்.ஏ. அடையாளம் காணப்பட்டது. 1993இல் அதன் ஜீனைப் பிரித்தெடுத்தார்கள். 750 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். அதில் 19 மட்டும் செல்லுக்குள்ளே, 24 சவ்வுக்கு ஊடே, மீதி 707ம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு பெரிய பகுதி வெளியே இருப்பதால்தான் ஸ்கேன் மருந்து போய் அதில் ஒட்ட முடிகிறது.

இது பி.எஸ்.ஏ. அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பி.எஸ்.ஏ. செல்லிலிருந்து சுரந்து ரத்தத்துக்கு வருவது. பி.எஸ்.எம்.ஏ. சவ்விலேயே பதிந்திருப்பது.

பதிந்திருக்கும் இந்தப் புரதம் ஒரு என்சைம். துத்தநாகத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சில மூலக்கூறுகளின் நுனியிலிருந்து குளுட்டமேட் என்ற துண்டை வெட்டி எடுக்கும். மூளையிலும் இதே புரதம் வேறொரு மூலக்கூறில் இதே வேலையைச் செய்கிறது. குடலில் இருக்கும்போது, கீரையிலுள்ள ஃபோலேட்டின் (ஃபோலிக் ஆசிட்டின் இயற்கை வடிவம்) குளுட்டமேட் வாலை நறுக்கி, அதை ரத்தம் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல்லில் ஏன் இவ்வளவு அதிகமாக இருக்கிறது, அங்கே அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் உங்கள் இரண்டாவது கேள்வியைத் தொட்டாக வேண்டும். ஹார்மோன் இல்லாமல் கட்டி எப்படி வளர்கிறது?

டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் புரோஸ்டேட் புற்றுநோய் சுருங்கும் என்று 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் காட்டினார்கள். அதற்காக 1966இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவுக்குப் போடும் ஊசியும் அபிராடெரோனும் அந்த வழியில் வந்தவைதான். டெஸ்டோஸ்டிரோன் போய் ஒட்டும் ஆன்ட்ரோஜன் ஏற்பி செல்லின் மேற்பரப்பில் இருப்பதில்லை, உள்ளே இருக்கிறது. ஹார்மோன் சவ்வைத் தாண்டி உள்ளே போய் அதைத் தொட்டதும், அது உட்கருவுக்குள் நுழைந்து "வளர்" என்று சொல்லும் ஜீன்களை இயக்குகிறது. ஹார்மோனை வறட்டினால் இந்த ஏற்பி சும்மா கிடக்க வேண்டும். சில ஆண்டுகள் கிடக்கவும் செய்கிறது. அப்புறம் செல் மாற்று வழி தேடிக்கொள்கிறது. ஏற்பியின் ஜீனைப் பல பிரதிகளாகப் பெருக்கிக்கொள்ளும். ஏற்பி திரிந்து வேறு ஹார்மோன்களுக்கும் பதில் சொல்லத் தொடங்கும். ஹார்மோன் ஒட்டும் பகுதியே இல்லாத குறை ஏற்பியைத் தயாரிக்கும். இவற்றோடு நீங்கள் கேட்ட விஷயத்துக்கு நேரே தொடர்புள்ள இன்னொரு வழியும் உண்டு: மேற்பரப்புப் புரதங்கள்.

செல்லின் சவ்வில் வளர்ச்சிக் காரணிகளைப் பிடிக்கும் ஏற்பிகள் வரிசையாக இருக்கின்றன. ஈ.ஜி.எஃப்.ஆர்., ஹெர்2, ஹெர்3, இன்சுலின் குடும்பத்தைச் சேர்ந்த ஐ.ஜி.எஃப்.-1 ஏற்பி ஆகியவை அவற்றில் சில. எலும்புச் சட்டகத்தைப் பற்றிக்கொள்ளும் இன்டக்ரின்கள், எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் ரசாயன அழைப்பைப் பிடிக்கும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 போன்றவையும் உண்டு. வெளியே ஒரு மூலக்கூறு வந்து ஒட்டியதும் இவற்றின் உள்பக்க வால் மாறுகிறது. அந்த மாற்றம் அடுத்தடுத்த புரதங்களுக்குக் கைமாறுகிறது. புரோஸ்டேட்டில் மிக முக்கியமான சமிக்ஞைப் பாதை பி.ஐ.3.கே.-ஏ.கே.டி. என்பது. "சாகாதே, வளர், சர்க்கரையை உள்ளே எடு" என்பவை அதன் கட்டளைகள். பி.டி.இ.என். என்ற புரதம் அதற்குக் கடிவாளம் போடுகிறது. முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் இந்தக் கடிவாளமே தொலைந்துபோயிருக்கும். எல்என்கேப் செல்களிலும் அப்படித்தான்.

மேற்பரப்பிலிருந்து போகும் இந்தச் சமிக்ஞைகள் உள்ளே தூங்கும் ஆன்ட்ரோஜன் ஏற்பியையும் எழுப்பிவிடும். ஐ.ஜி.எஃப்.-1 போன்ற வளர்ச்சிக் காரணிகள் ஹார்மோன் இல்லாமலே அதை இயக்க முடியும் என்று 1994இலேயே செல்களில் காட்டிவிட்டார்கள். ஹெர்2 அதிகமானால், மிகக் குறைந்த ஹார்மோனுக்கும் அந்த ஏற்பி முழு வேகத்தில் வேலை செய்கிறது என்பது 1999இல் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் இருந்தும் அப்பாவின் பி.எஸ்.ஏ. ஏறுகிறதே, அதற்கு இதெல்லாம் சேர்ந்துதான் காரணம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லையோ என்று அவரைக் கேட்டுவிடாதீர்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு.

இனி பி.எஸ்.எம்.ஏ. என்ன செய்கிறது என்பதற்கு வரலாம். நெடுங்காலம் இதை வெறும் அடையாளமாகத்தான் பார்த்தார்கள். 2017இல் கனெக்டிகட் பல்கலைக்கழகக் குழு, புரோஸ்டேட் புற்றுநோய் வரும்படி வளர்த்த எலிகளில் இந்த ஜீனை நீக்கிப் பார்த்தது. கட்டிகள் வந்தன, ஆனால் சிறியவை, வீரியம் குறைந்தவை, ரத்தக்குழாய்களும் குறைவு. பி.எஸ்.எம்.ஏ. இருக்கும்போது, ஐ.ஜி.எஃப்.-1 ஏற்பியும் இன்டக்ரினும் ராக்1 என்ற இணைப்புப் புரதத்தின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் கூட்டை அது கலைத்துவிடுகிறது என்று கண்டார்கள். விளைவு, ஒரே ஏற்பியிலிருந்து வரும் செய்தி வேறு பாதையை விட்டு ஏ.கே.டி. பாதைக்குத் திரும்புகிறது.

2018இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்திலிருந்து வந்த ஆய்வுதான் உங்கள் அண்ணன் மகன் படித்தது என்று நினைக்கிறேன். பி.எஸ்.எம்.ஏ. ஃபோலேட்டிலிருந்து வெட்டி விடும் குளுட்டமேட், அதே செல்லின் மேலிருக்கும் இன்னொரு புரதத்தில், அதாவது குளுட்டமேட் ஏற்பியில், போய் ஒட்டுகிறது. அந்த ஏற்பி உள்ளே கால்சியத்தை விடுவிக்கிறது. அது மறுபடியும் பி.ஐ.3.கே. பாதையைத்தான் முடுக்கிவிடுகிறது. ஆகவே உங்கள் அண்ணன் மகன் சரியாகத்தான் படித்திருக்கிறான்: இந்தப் புரதம் சும்மா இல்லை.

அப்படியானால் அதை அடைத்துவிட்டால் போதாதா? உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் எங்கள் துறையே இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் போராடியிருக்கிறது. பி.எஸ்.எம்.ஏ.யின் வெட்டும் வேலையைத் தடுக்கும் ரசாயனங்கள் ஆய்வகத்தில் உண்டு. அவற்றை மட்டும் கொடுத்துப் புரோஸ்டேட் புற்றுநோயைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு மனிதர்களில் ஆதாரம் இல்லை. சிகிச்சையாக எந்த மருத்துவமனையிலும் கொடுப்பதில்லை. மற்ற மேற்பரப்பு ஏற்பிகளில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் பல உயிர்களைக் காப்பாற்றிய ஹெர்2 ஆன்டிபாடியைப் புரோஸ்டேட்டில் கொடுத்தார்கள், பலனில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள், பலனில்லை. ஐ.ஜி.எஃப்.-1 ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடிகளும் கைகொடுக்கவில்லை. பல வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலைப் பூட்டியதுபோல ஆகிவிட்டது. செய்தி வேறு வாசல் வழியாக அதே கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

2011இல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பி.டி.இ.என். இழந்த கட்டிகளில், ஆன்ட்ரோஜன் ஏற்பியை அடக்கினால் ஏ.கே.டி. பாதை எழுகிறது. பி.ஐ.3.கே. பாதையை அடக்கினால் மேற்பரப்பில் ஹெர்2, ஹெர்3 கூடி, ஆன்ட்ரோஜன் ஏற்பி எழுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடக்கி வைத்திருக்கின்றன. அதனால்தான் இப்போது இரண்டையும் சேர்த்து அடக்கப் பார்க்கிறார்கள். அபிராடெரோனோடு இபடாசெர்டிப் என்ற ஏ.கே.டி. தடுப்பு மருந்தைச் சேர்த்த பெரிய ஆய்வில், பி.டி.இ.என். இழந்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் 16.5 மாதத்திலிருந்து 18.5 மாதமானது. முன்னேற்றம்தான், ஆனால் ஆயுள் கூடியதாகக் காட்ட முடியவில்லை. பக்க விளைவாகக் கடுமையான வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு, ரத்தச் சர்க்கரை உயர்வு. சர்க்கரை ஏன் உயர்கிறது என்றால், இன்சுலின் வேலை செய்வதும் அதே ஏ.கே.டி. பாதையில்தான். அப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால், யாராவது இந்த வகை மருந்தைப் பற்றிப் பேசினால் இதை மறக்காமல் நினைவூட்டுங்கள்.

உங்கள் டாக்டர் பேசக் கூப்பிட்டிருக்கும் லுட்டீசியம் சிகிச்சை இதிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. அது பி.எஸ்.எம்.ஏ.யின் சமிக்ஞையை நிறுத்தப் பார்ப்பதில்லை. அந்தப் புரதம் செல்லின் மேல் இருக்கிறது என்ற ஒன்றையே பயன்படுத்திக்கொள்கிறது. புரதத்தில் ஒட்டும் சிறு மூலக்கூறில் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கட்டி ஊசியாகப் போடுவார்கள். ஏதாவது ஒட்டியதும் பி.எஸ்.எம்.ஏ. அதையும் இழுத்துக்கொண்டு செல்லுக்குள் போய்விடும். லுட்டீசியத்தின் பீட்டா கதிர் திசுவில் 2 மில்லிமீட்டர் அளவுக்கே பாயும் என்பதால் சேதம் பெரும்பாலும் கட்டியோடு நிற்கிறது. செல் எத்தனை மாற்று வழி வைத்திருந்தாலும் கதிர் டி.என்.ஏ.வை நேரடியாக உடைக்கிறது. ஒற்றை ஏற்பியை அடைக்கும் மருந்துகள் தோற்ற இடத்தில் இது ஓரளவு வென்றதற்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

எவ்வளவு வென்றது? 831 பேர் பங்கேற்ற விஷன் ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. ஹார்மோன் மருந்தும் கீமோவும் ஏற்கெனவே எடுத்து முடித்த நோயாளிகள் அவர்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 11.3 மாதம், லுட்டீசியம் சேர்த்தவர்களுக்கு 15.3 மாதம். இது நோயை வேரோடு நீக்கும் சிகிச்சை அல்ல என்பதை மனசில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். சிலருக்கு மிக நன்றாக வேலை செய்கிறது, சிலருக்குச் செய்வதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஆறு தடவை. வாய் உலர்தல், களைப்பு, குமட்டல் வரும். ரத்த அணுக்கள் குறையலாம். வாய் ஏன் உலர்கிறது என்று இப்போது உங்களுக்கே புரியும், ஸ்கேனில் உமிழ்நீர்ச் சுரப்பி ஒளிர்ந்ததே, அதனால்தான். வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை, நம் நாட்டிலேயே பல மையங்களில் கிடைக்கிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையில் லுட்டீசியம்-177 தயாரிக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் இன்னொரு எண்ணைப் பார்த்து நீங்கள் பயந்திருக்கலாம். இடுப்பெலும்பில் எஸ்.யு.வி. (அந்த இடம் ஸ்கேன் மருந்தை எவ்வளவு ஏற்றது என்ற அளவு) 24, கல்லீரலில் 5 என்று இருக்கிறது. 24 என்பது நோய் ஐந்து மடங்கு தீவிரம் என்று பொருளல்ல. ஆன்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யும்போது பி.எஸ்.எம்.ஏ. உற்பத்தியை அது அடக்குகிறது. ஹார்மோனை வறட்டினால் செல்லின் மேல் பி.எஸ்.எம்.ஏ. கூடுவதும் உண்டு. ஒளி அதிகமானதில் ஒரு பங்கு இதனால் இருக்கலாம். லுட்டீசியத்தைப் பொறுத்தவரை கல்லீரலைவிட நன்றாக ஒளிர்வது நல்ல செய்தி, மருந்து போய் ஒட்ட இடம் இருக்கிறது.

நான் அதிகம் கவலைப்படுவது ஒளிராத கட்டிகளைப் பற்றித்தான். எல்லாப் புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல்களுக்கும் ஒரே மேற்பரப்பு கிடையாது. எலும்பில் பரவிய நோயிலிருந்து எடுத்த பிசி-3, மூளைக்குப் பரவியதிலிருந்து எடுத்த டியு-145 ஆகிய செல்வகைகளில் பி.எஸ்.எம்.ஏ. இல்லை, ஆன்ட்ரோஜன் ஏற்பியும் இல்லை. ஆனாலும் அவை எல்என்கேப்பைவிட வேகமாக வளர்கின்றன. நோயாளிகளிலும் சில கட்டிகள் காலப்போக்கில் இப்படி மாறும். ஆஸ்திரேலியாவில் நடந்த தெராப்பி ஆய்வில், சர்க்கரையைக் கொண்டு எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேனையும் கூடவே எடுத்தார்கள். பி.எஸ்.எம்.ஏ. குறைவாக இருந்தவர்கள், அல்லது எஃப்.டி.ஜி.யில் மட்டும் ஒளிர்ந்த கட்டி உள்ளவர்கள் என, வந்தவர்களில் கால்வாசிக்கும் சற்று அதிகமானோரை இந்தச் சிகிச்சைக்கு ஏற்றவர்கள் அல்ல என்று விலக்கினார்கள். அடுத்த வாரம் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "சி.டி. ஸ்கேனில் தெரிந்து, பி.எஸ்.எம்.ஏ.வில் ஒளிராத கட்டி ஏதாவது இருக்கிறதா? எஃப்.டி.ஜி. பெட் தேவைப்படுமா?" அப்படியே பி.ஆர்.சி.ஏ. (டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்ய உதவும் ஜீன்) பரிசோதனை செய்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள்; அதில் கோளாறு இருந்தால் ஓலாபரிப் போன்ற மாத்திரைகளுக்கும் வழி இருக்கிறது. அப்பா இன்னும் கீமோ எடுக்கவில்லை என்பதால் லுட்டீசியம் முதலா, டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து முதலா என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

அம்மாவிடம் கீரையைச் சமைக்கச் சொல்லுங்கள். கீரையிலிருக்கும் ஃபோலேட்டின் நீண்ட குளுட்டமேட் வால் குடலிலேயே நறுக்கப்பட்டுத்தான் ரத்தத்தில் கலக்கிறது. முருங்கைக்கீரைப் பொரியல் நேராகப் போய்க் கட்டிக்குத் தீனி போடும் என்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரை விஷயம் வேறு. குடல் பாலிப்பைத் தடுக்குமா என்று பார்க்க வட அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், தினம் 1 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்த ஆண்களில் பத்தாண்டுக்குள் புரோஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு 9.7 சதவீதமாகவும், எடுக்காதவர்களில் 3.3 சதவீதமாகவும் இருந்தது. உணவிலிருந்து வந்த ஃபோலேட் கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. ஒற்றை ஆய்வை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் கடையில் தானாக வாங்கும் சத்து மாத்திரையில் ஃபோலிக் ஆசிட் இருந்தால் அப்பாவுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். டாக்டர் ஏதாவது காரணத்துக்காக எழுதிக் கொடுத்திருந்தால், அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். டி8 முள்ளெலும்பில் நோய் இருக்கிறது. அப்பாவுக்குப் புதிதாக முதுகுவலி கூடினாலோ, மார்பைச் சுற்றிக் கச்சை கட்டியதுபோல் இறுகினாலோ, காலில் பலம் குறைந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய், "முதுகெலும்பில் புற்றுநோய் பரவியிருக்கிறது, தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். பெட் ஸ்கேன் பதிவான வட்டையும் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.